காம்பு உதிரும் நாள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. மானாவாரிக் காடு. ஐப்பசி மழை ஒழுங்காக இறங்கினால் மிளகாய், மல்லி, குதிரைவாலி. இறங்காத வருஷம் வரப்போரத்துச் சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அந்தக் காட்டின் மேற்கு ஓரத்தில் பத்துப் பதினைந்து இலந்தை வைத்திருக்கிறார். வைத்த விதம்தான் அழகு. குழி எடுத்து, அதில் காட்டு இலந்தையின் கொட்டையை ஊன்றி, அங்கேயே முளைக்க விட்டார். தண்டு பென்சில் கனம் வந்ததும் அதன் பட்டையை மெல்லக் கீறி, நல்ல ஜாதி மரத்திலிருந்து எடுத்துவந்த ஒற்றை மொட்டை உள்ளே செருகி, நாடாவால் சுற்றிக் கட்டினார். வேரில் கை படவே இல்லை. பையில் வளர்த்த கன்றைக் கொண்டுவந்து வைத்தால் ஆணிவேர் சுருண்டோ அறுந்தோ போயிருக்கும்; ஆணிவேர் இல்லாத மரம் எங்கள் ஊர்ச் சித்திரையைக் கடக்காது என்பது அவர் கணக்கு. கோவிலாங்குளம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் போய்வந்த நாளிலிருந்து இதில் அவருக்கு ஒரு பித்து.

மொட்டை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் இலையைக் கிள்ளிவிட்டு, இலைக்காம்பை மட்டும் சின்னப் பிடிபோல விட்டுவைப்பார்கள். இருபது நாள் கழிந்து ஒரு சாயங்காலம் நானும் கூடப் போனேன்.

“என்ன சித்தப்பா, பிடிச்சிருச்சா?”

“இருப்பா. தொட்டுப் பாப்போம்.”

சுண்டுவிரல் நுனியால் அந்தக் காம்பைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், காம்பு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். காம்பு பழுத்து, தொட்டவுடன் உதிர்ந்தால் மொட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம். கருகிப்போய், இழுத்தாலும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டு பட்டுப்போனது. உயிருள்ள மொட்டு பழைய காம்பை விட்டுவிடுகிறது; செத்த மொட்டுக்கு அதை விடத் தெரியவில்லை. இந்த நுட்பத்தை நான் ரொம்ப நாள் மனத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

‘பிடித்தல்’ என்ற நம் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நாற்றுப் பிடித்தது, வேர் பிடித்தது, ஒட்டுப் பிடித்தது. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணைப் பார்த்து முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தார் கேட்பதும் அதே சொல்தான்: ஊர் பிடிச்சிருக்கா? செடிக்கும் பெண்ணுக்கும் ஒரே வினைச்சொல். ‘ஒட்டுதல்’ என்பதும் அப்படித்தான். மாமரத்துக்கும் அதைச் சொல்கிறோம், பெரியப்பா வீட்டில் விட்டு வளர்த்த பிள்ளை அந்தக் குடும்பத்தோடு சேர்ந்துவிட்டதற்கும் அதையே சொல்கிறோம். இந்தச் சொல்லின் மடிப்புகள் எனக்கு மிகவும் பிரியமானவை. அதனால்தான், பிரெஞ்சு மொழியிலும் இதே மடிப்பு இருப்பதைக் கண்டபோது, தூரத்து உறவுக்காரர் ஒருவரைச் சந்தையில் சந்தித்தது போல மகிழ்ந்தேன். ‘ப்ராந்த்ர்’ என்றால் அவர்களுக்குப் பிடித்தல். ஒட்டுப் பிடித்ததற்கும் அதே வினைதான். அதோடு ஓர் அழகு: மரத்து ஒட்டுக்கும் மனித உடலில் வைக்கும் மாற்று இதயத்துக்கும் அவர்களிடம் ‘க்ரெஃப்’ என்ற ஒரே பெயர். நாம் செடிக்கு ஒட்டு என்றும் உடலுக்கு உறுப்பு மாற்று என்றும் பிரித்துவிட்டோம். அவர்கள் பிரிக்காததால், அறுவை அரங்கிலும் அவர்கள் மொழியில் ஒரு தோட்டக்காரனின் கை தெரிகிறது. பிடுங்கி நடுவதை வைத்து ‘நான் யார்’ என்று கேட்கும் எழுத்தும் சினிமாவும் அவர்களிடம் இவ்வளவு செழித்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1897இல் மோரிஸ் பாரேஸ் ‘வேரறுந்தவர்கள்’ என்ற நாவலை வெளியிட்டார். லொரேன் நாட்டுப்புறத்திலிருந்து ஏழு இளைஞர்கள் பாரிசுக்குப் போகிறார்கள். மண்ணை விட்ட வேர் வாடும் என்பது அவர் வாதம். அந்த நாவலில் முதியவரான அறிஞர் தேன், ஓர் இளைஞனை அழைத்துப்போய்த் தாம் நாள்தோறும் பார்க்கும் பிளேன் மரத்தைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. பாரேசின் அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் ஒரு கிழவர் ஒரு மரத்தை அவ்வளவு மரியாதையோடு பார்க்கும் அந்தப் பக்கத்தின் கனிவை மறுக்க முடியவில்லை.

பாரேசின் வாதத்துக்கு எழுத்தாளர் ஆந்த்ரே ஜித் தந்த பதிலை நான் பலமுறை எடுத்துப் பார்ப்பேன். அவர் பிறந்தது பாரிசில். தந்தையின் ஊர் தெற்கே உசேஸ். தாய் வடக்கே நார்மண்டிக்காரி. இதில் எந்த மண்ணில் என்னை வேர்விடச் சொல்கிறீர் என்று கேட்டார். கேள்வியின் மென்மையையும் கூர்மையையும் பாருங்கள். குரல் உயரவே இல்லை. வாதம் வளர்ந்து, 1903இல் நெட்டிலிங்கம் போல உயர்ந்து நிற்கும் பாப்லர் மரத்தைப் பற்றிய சண்டையாகவே ஆகிவிட்டது. அப்போது ஜித் செய்த காரியம்தான் நயத்திலும் நயம். தத்துவ நூல் எதையும் புரட்டாமல், ஒரு நாற்றுப்பண்ணையின் விலைப்பட்டியலைத் திறந்தார். எங்கள் மரங்களை அவற்றின் பருமனுக்கு ஏற்ப இரண்டு, மூன்று, நான்கு முறை இடம் மாற்றி நட்டிருக்கிறோம், அதனால் நன்றாகப் பிடிக்கும் என்று பண்ணைக்காரர் அதில் விளம்பரம் செய்திருந்தார். பிடுங்கி நடும்போது ஆணிவேர் அறும். அறுந்த இடத்தைச் சுற்றிச் சல்லிவேர்கள் தாடிபோலக் கிளம்பும். அந்தத் தாடிதான் அடுத்த மண்ணை இறுகப் பற்றும். ஒரு பெரிய இலக்கியச் சண்டையைத் தோட்டக்காரனின் விலைப்பட்டியலிடம் ஒப்படைத்த அந்தத் துணிச்சலுக்கு நான் அடிமை.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். நாற்றங்காலில் வளர்த்துப் பறித்து நட்ட கத்தரி நன்றாகச் சல்லிவேர் விடும், அது வாஸ்தவம்தான் என்றார். உடனே சேர்த்துச் சொன்னார்: “அது தண்ணி உள்ள இடத்துக்கு. நம்ம காட்டுக்கு ஆணிவேர் வேணும்பா.” ஜித்துக்குத் தண்ணீருள்ள தோட்டம், பாரேசுக்குச் சொந்த ஊர் மண். எந்த மண், எவ்வளவு ஈரம் என்று கேட்காமல் நடவைப் பற்றிப் பேச முடியாது என்பதை எங்கள் வறண்ட சீமை அந்த இருவருக்கும் சொல்லியிருக்கும்.

நூறு வருஷம் கழித்து, அதே உருவகம் மரத்தை விட்டு நெஞ்சுக்குள் இறங்கியது. தத்துவ ஆசிரியர் ழான்-லுக் நான்சிக்கு ஐம்பது வயதையொட்டி வேறொருவரின் இதயம் வைக்கப்பட்டது. 2000இல் ‘ஊடுருவி வந்தவன்’ என்ற சிறு நூலை எழுதினார். அதில் எவ்வளவு மிருதுவாக ஒரு திருப்பம் செய்கிறார் பாருங்கள். வந்த இதயம் அந்நியம் என்றுதானே நாம் நினைப்போம்? அவருக்கு முதலில் அந்நியமானது சொந்த இதயம். அதுவரை இருப்பதே தெரியாமல் ஓடியது, தடுமாறத் தொடங்கிய பிறகே தனக்குள் ஒரு வேற்றாளாக உறைத்தது. அடுத்து சைக்ளோஸ்போரின் மருந்து. வந்ததை உடல் தள்ளிவிடாதிருக்க, உடலின் காவலையே தளர்த்த வேண்டும். காவல் தளர்ந்ததும், எப்போதிருந்தோ உள்ளேயே தூங்கிக் கிடந்த பழைய கிருமிகள் எழுந்து வருகின்றன. விருந்தாளிக்காகக் கதவைத் திறந்துவைத்தபோது, வீட்டுக்குள்ளேயே யார் யாரோ குடியிருந்தது தெரியவருகிறது. அந்த இதயத்தோடு முப்பது ஆண்டுகளை ஒட்டி வாழ்ந்து, 2021இல் மறைந்தார்.

கிளேர் தெனி என்ற இயக்குநர் இந்த நூலின் வாசனையை எடுத்துக்கொண்டு 2004இல் அதே பெயரில் ஒரு படம் செய்தார். சுவிஸ் எல்லைக் காட்டில் நாய்களோடு தனித்து வாழும் ஒரு முதியவன் இதயம் ஒன்றை விலைக்கு வாங்கி, பூசான் துறைமுகம், தாகித்தித் தீவு என்று மகனைத் தேடிப் போகிறான். முதியவனாக நடித்த மிஷேல் சுபோர் இளைஞராக இருந்தபோது, 1960களில் தென்கடல் தீவுகளில் தொடங்கி முடியாமல்போன ஒரு படத்தில் நடித்திருந்தார். அந்தப் பழைய படச்சுருளின் துண்டுகளைத் தெனி தன் படத்துக்குள் செருகியிருக்கிறார். முதிய முகத்துக்கு நடுவே திடீரென்று இளம் முகம், வெயிலும் கடலும். பட்டையைக் கீறி மொட்டைச் செருகுவது போலத்தான். எந்த விளக்கமும் இல்லை. காட்சி தானாகப் பிடித்துக்கொள்கிறது. மேலிஸ் தெ கெராங்கலின் 2014 நாவல் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அலைச்சறுக்குக்குப் போன இளைஞனின் இதயம், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வேறொரு பெண்ணின் மார்புக்குப் போகிறது. உறுப்புகளை எடுத்து முடித்ததும், பறவைப் பாட்டில் பித்துள்ள ஒரு மருத்துவமனைச் செவிலியர் அந்த உடலைக் கழுவிக்கொண்டே பாடுகிறார். அந்த ஒரு காட்சிக்காக அந்த நாவலை நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம்.

மரமும் இதயமும் மாறிவிட்டன, இனி பெயர். இங்கேதான் நம் தமிழ் வருகிறது.

ழாக் ஓதியாரின் ‘தீபன்’ 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. பிரான்சுக் குடியிருப்பு ஒன்றில் நடக்கும் பிரெஞ்சுப் படம். ஆனால் பேச்சில் பெரும்பகுதி தமிழ். தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. இலங்கையின் அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, அதை விட்டு வெளியேறி, 1993இல் பிரான்சு சேர்ந்தவர். ‘கொரில்லா’வையும் ‘ம்’ நாவலையும் நமக்குத் தந்தவர். இடம்பெயர்ந்து நட்ட மனிதனைப் பற்றிய பிரெஞ்சுப் படத்தைத் தாங்கி நிற்பது, இடம்பெயர்ந்து நட்ட ஒரு தமிழ் எழுத்தாளரின் முகம். அந்த முகத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். பேசும்போதைவிட, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதிகம் சொல்லும் முகம். கண் ஓரத்தில் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கதையின் முதல் முடிச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈழப் போர் தோற்று முடிந்த நேரம். சிவதாசன் என்ற போராளி, பிணங்களை அடுக்கிப் பனையோலை போட்டு எரிக்கிறான். தன் சீருடையையும் அந்தத் தீயிலேயே போடுகிறான். யாளினி என்ற பெண் முகாமெங்கும் அலைந்து, தாயில்லாத ஒரு சிறுமியைத் தேடிப் பிடிக்கிறாள். அந்தச் சிறுமி இளையாள். ஒருவருக்கொருவர் யாரென்றே தெரியாத இந்த மூவரிடமும், செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் தரப்படுகின்றன. தீபன் என்பது ஒரு செத்தவனின் பெயர். படம் முழுக்க நாம் ஒருவனை அவனுடையதல்லாத பெயரால் அழைத்துக்கொண்டே இருக்கிறோம். அரை மணி நேரத்தில் அந்தப் பெயர் அவன்மேல் படிந்தும் விடுகிறது. இறந்தவரின் இதயம் நான்சிக்குள் துடித்தது போல, இறந்தவனின் பெயர் இவனுக்குள் துடிக்கத் தொடங்குகிறது. ஓதியார் இதைச் சுட்டிக்காட்டிச் சொல்வதே இல்லை. சொல்லாமல் விட்ட அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு அந்த இருட்டு. திரை முழுக்கக் கருமை; அதில் சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கிக்கொண்டு அசைந்து அசைந்து நெருங்குகின்றன. மின்மினியா, தூரத்து ஊரா, படகா என்று கண் தவிக்கிறது. அருகில் வந்ததும்தான் தெரிகிறது: பாரிஸ் தெருவில் விளையாட்டு விளக்குக் காதுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு விற்க வருகிறான் நம் போராளி. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஈழத்துத் தீயிலிருந்து இந்தப் பொம்மை வெளிச்சத்துக்கு ஒரே தாவல். நாற்றைப் பறித்த கை அதை இன்னொரு சேற்றில் ஊன்றுவதற்கு நடுவே ஒரு கணம் வேர் காற்றில் தொங்குமே, அந்தக் கணத்தை ஓர் இருட்டாகவே படம்பிடித்திருக்கிறார்கள்.

யாளினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். அவருடைய உடல்மொழியில் எத்தனை நுணுக்கம்! பக்கத்துப் பெண்கள் தலையில் துணி போட்டிருப்பதைப் பார்த்து, தானும் முக்காடு போட்டுக்கொள்கிறாள். அது எந்த மதத்துக்கு அடையாளம் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம், எல்லாரையும் போல இருந்துவிட வேண்டும் என்ற செடியின் ஆசை அது. வேலைக்குப் போகும் வீட்டில் பிராஹிம் என்ற இளைஞன் இருக்கிறான், சிறையிலிருந்து வந்து காலில் மின்வளையம் மாட்டியவன். அவன் பிரெஞ்சில் பேசுகிறான், அவள் தமிழில் பேசுகிறாள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காததால், இருவருமே மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த உரையாடலைத் தமிழ் தெரிந்த நாம் மட்டுமே ஒரு காதால் நேராகக் கேட்கிறோம் என்பது நமக்குக் கிடைத்த தனிப் பாக்கியம். இன்னோர் இடத்தில், மற்றவர்கள் சிரிக்கும் பேச்சில் தனக்குச் சொல் புரிந்தும் சிரிப்பு வரவில்லையே என்று தீபன் வருந்துகிறான். உனக்குத் தமிழிலும் அந்தச் சுபாவம் கிடையாது என்கிறாள் யாளினி. பொய்க் கணவனும் பொய் மனைவியும் அங்கே, அந்த ஒரு சீண்டலில், மெய்யாகவே கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

ஒட்டுக்கட்டியவர்களுக்கு இன்னொன்று தெரியும். மேலே புது மொட்டு துளிர்த்த பிறகும், கீழே காட்டு வேர் சும்மா இராது. கட்டுக்குக் கீழே தன் பழைய முள் தளிரைத் திரும்பத் திரும்ப அனுப்பும். குடியிருப்பில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் தீபன் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தரையில் ஒரு வெள்ளைக் கோடு போடுகிறானே, அதைப் பார்த்தபோது சித்தப்பா குனிந்து அந்தக் காட்டுத் தளிர்களைக் கிள்ளும் காட்சிதான் எனக்கு வந்தது. துப்பாக்கிச் சூடு கூடாத வலயம் என்று அவன் அதற்கு வைக்கும் பெயர் நம் தமிழ்க் காதில் எப்படிப்பட்ட வலியோடு விழும்! வன்னிப் போரில் யாரையும் காப்பாற்றாத அந்தக் கோட்டை, குடியிருப்பின் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த தீபன் பாரிசின் ஓரத்தில் சுண்ணாம்புபோல இழுத்துப் பார்க்கிறான். கை நடுங்கவில்லை. கோடு மட்டும் வெள்ளையாகப் பளபளக்கிறது.

கடைசியில் இங்கிலாந்தில் ஒரு தோட்டம், வெயில், கையில் குழந்தை. அந்த முடிவு அளவுக்கு மீறி இனிக்கிறது என்று குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த வெளிச்சத்தின் மிகையே அழகாகப் படுகிறது. அது நடந்ததா, ஏங்கியதா என்று படம் சொல்லவில்லை. நடுவே இலைகளுக்கிடையிலிருந்து ஒரு யானையின் முகம் அசைந்து வருமே, அந்தக் கனவின் கூடப்பிறந்த வெளிச்சம் இது.

இதையெல்லாம் அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதில் ஒரு தனி நெருக்கம் இருக்கிறது. தறிச்சத்தம் கேட்கும் எங்கள் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர்கள், சுற்றுக் கிராமங்களில் தெலுங்கு பேசும் சம்சாரிகள்; எப்போதோ பெயர்ந்து வந்து பிடித்தவர்கள். திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில், 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்து, அந்த மலையை விட்டு நகரவே இல்லை. ரமண மகரிஷி என்ற பெயர் அங்கே அவருக்கு 1907இல் கணபதி முனி சூட்டியது. பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையைச் சேர்ந்த கிறித்தவத் துறவி ஆந்ரி லெ சோ 1949 ஜனவரியில் அவரைப் பார்க்க வந்தார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடைசிவரை இந்தியாவிலேயே இருந்தார். அருணாசல நினைவுகளை அவர் பிரெஞ்சில் எழுதினார். சிலுவையும் அண்ணாமலையும் ஒரே தண்டில் ஏறிய அந்த எழுத்தில், இரண்டு சாறும் கலக்கும் இடத்தின் வலி தெரியும். அந்த வலியாலேயே அது ஒளிர்கிறது. திருச்சுழியில் எடுத்த ஒரு மொட்டு, பிரெஞ்சு உரைநடையிலும் துளிர்த்திருக்கிறது என்று நான் ஆசையோடு சொல்லிக்கொள்வேன்.

பேருந்து குல்லூர்சந்தை முகாமைக் கடக்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். மல்லாங்கிணற்றிலும் ஒன்று இருக்கிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆனவர்கள், இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்கள். தீபனுக்கு ஒரு செத்தவனின் கடவுச்சீட்டாவது கிடைத்தது. இவர்களில் பலருக்கு இன்னும் ஒரு நாட்டின் சீட்டும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் முருங்கைப் போத்து ஒன்றை ஊன்றி, நுனியில் சாணியை உருட்டி வைத்திருந்தார்கள், வெயிலில் காய்ந்துவிடாமல். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான் வைப்பாள். போன தை மாதம் அதைப் பார்த்தேன். சித்திரையில் போகும்போது சாணி உருண்டைக்குக் கீழே, பட்டையைக் கிழித்துக்கொண்டு, கடுகளவில் மூன்று பச்சை.

சித்தப்பாவிடம் சொன்னேன். “பிடிச்சிருச்சுன்னு சொல்லு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “முருங்கை அவசரக்காரன். போத்துல இருக்கிற சாறுலயே துளிர்த்துருவான். ஆடி தாண்டட்டும், வேர் விட்டானான்னு பாப்போம்” என்றார்.